பெயரை மாற்றி எழுதுகிறவர் யார்?

எழுதியதைப் பார்த்து எழுதும் வேலையைப் பற்றி நமது ஞானோபதேசப் புத்தகங்கள் எதுவும் சொல்வதில்லை. பொய் சொல்லாதே என்றிருக்கிறது. களவு செய்யாதே என்றிருக்கிறது. ஆனால் ஒருவர் நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்து அவருடைய பெயரையும் பிறந்த திகதியையும் எடுத்து இன்னோர் ஏட்டில் பதிவது மனச்சாட்சிக்குரிய காரியம் என்று நாம் கருதுவதில்லை. அது கிளாக்கர் வேலை. பிழை வந்தால் வெட்டித் திருத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம்.

வாசக அன்பர்களே, மாத்தளை மலைகளில் வாழும் குடும்பங்களுக்கு அது ஒருநாளும் ‘அவ்வளவுதான்’ ஆக இருந்ததில்லை. ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு லயத்துக்குப் போய், வயதான ஒரு தாயாரிடம் அவருடைய பத்திரங்களைக் காட்டச் சொல்லுங்கள். தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பை வெளியே வரும். அதற்குள் இருக்கும் ஐந்தாறு காகிதங்களில் அவருடைய பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அந்த மூன்றும் ஒருவரே என்று நிரூபிப்பதில் அவருடைய வாழ்நாளில் எத்தனை நாட்கூலி போயிற்று என்பதை அவரே சொல்வார்.

இப்போது இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி நமது பங்குகளின் வாசலுக்கே வந்துவிட்டது. குடும்ப அட்டைகள், புலமைப்பரிசில் விண்ணப்பங்கள், வீட்டுத் திட்டத்துக்கான படிவங்கள் என்று பங்குமனை அலுமாரிகளில் காகிதம் குவிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலைநாடெங்கும் மண்சரிந்த பின்னர் நிவாரணப் படிவங்களும் சேர்ந்துகொண்டன. நமது வாலிபர்கள் கெட்டிக்காரர்கள். “சாமி, முந்நூறு படிவத்தைக் கையால் ஏற்ற ஒரு வாரம் ஆகும், போனால் படம் பிடித்தால் ஒரே இரவில் எக்செலில் ஏறிவிடும்” என்கிறார்கள். பெரியவர்களோ முகம் சுளிக்கிறார்கள். மனிதருடைய காரியத்தை மனிதர்தான் எழுதவேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

இயந்திரம் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். கைத்தொலைபேசி படிவத்தைப் படமெடுக்கிறது. அந்தப் படத்தில் எது கோடு, எது எழுத்து என்று மென்பொருள் பிரிக்கிறது. ‘பெயர்’ என்று அச்சிட்ட கட்டத்துக்கு அருகிலுள்ளதை எடுத்து, அட்டவணையில் பெயருக்குரிய நிரலில் வைக்கிறது. திகதியைத் திகதி நிரலில் வைக்கிறது. ஒரு படிவத்துக்கு ஒரு நிரை. தான் வாசித்ததைப் பற்றித் தனக்கு எவ்வளவு நிச்சயம் உண்டென்று ஒரு மதிப்பெண்ணும் பல மென்பொருள்கள் இடுகின்றன. மதிப்பெண் குறைந்தவற்றை மனிதர் பார்வைக்கு ஒதுக்கும்படி கட்டளையிடலாம். இந்த மதிப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

கையெழுத்துக் காலம் ஒரு பொற்காலம் என்று நினைக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்து மடிந்தவர்களுடைய பெயர்களை எந்தக் கையும் எழுதிவைக்கவில்லை. உயிரோடு வந்துசேர்ந்தவர்களுடைய பெயர்கள் செக்ரோலில் ஏறின. அந்த ஏட்டில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிப்போயிற்று. நாள் முழுவதற்கும் கூலி விழுந்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். “இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்” என்று ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி வரும்போது சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேவன் பெயர் சொல்லி அழைத்த ஓர் ஆத்துமாவுக்கு அரைப்பேர்! இதை எழுதியது கணினி அல்ல. மனிதக் கைதான், நல்ல மையும் பேனாவும் கொண்டு எழுதியது.

அதைவிடப் பெரிய கணக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கிய பின்னர், 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. விண்ணப்பப் படிவம் நிரப்பினால் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. 1951 ஓகஸ்ட் வரையில் ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். இறுதியில் பதிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 134,000 பேர் மாத்திரமே. தொடர்ச்சியாக வதிந்ததற்கு அத்தாட்சி எங்கே, இந்தத் திகதிக்கும் அந்தத் திகதிக்கும் ஏன் பொருத்தமில்லை என்று கேட்டுக் கேட்டே படிவங்கள் தள்ளப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பத்திரங்களை எழுதியவர் யாரோ. பொருத்தமில்லாமற் போனதற்குத் தண்டனை பெற்றவர் வேறு யாரோ. பின்னர் வந்த அடையாள அட்டையிலும் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து நின்றது. வாக்குரிமை உள்ளவருக்கு ‘வீ’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்தவர்களையும் அவர்களுடைய சந்ததியினரையும் பிரஜைகளாக ஏற்றுக்கொள்ளும் வரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாக நமது மக்கள் படிவங்களோடே வாழ்ந்தார்கள். ஆகவே, கையால் எழுதினால் கருணை வரும் என்று எனக்கு யாரும் போதிக்க வேண்டாம்.

அப்படியானால் இயந்திரமே மேல் என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். நமது கத்தோலிக்கப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் அவர் இராயப்பன். ஞானஸ்நானப் பதிவேட்டில் அக்காலத்துக் குருவானவர் இலத்தீனில் பேத்ருஸ் என்று எழுதினார். அடையாள அட்டையில் பீற்றர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், பதிவாளர் காதில் விழுந்தபடி, ராப்பன். சூசையம்மாள் ஜோசபீன் ஆகிறாள். சந்தியாகு ஒரு காகிதத்தில் ஜேம்ஸ், மறு காகிதத்தில் யாக்கோப்பு. நம் சபையின் வரலாறு தெரிந்தவருக்கு இவை யாவும் ஒரே அர்ச்சியசிஷ்டரின் பெயர்கள். அட்டவணைக்கோ இவை நான்கு வேறு மனிதர்கள். மறுபக்கத்தில், ஒரே லயத்தில் இரண்டு மரியாயிகள் இருந்து, இருவருடைய தகப்பனாரும் அந்தோனியாகவே இருந்துவிட்டால், ‘இரட்டிப்பை நீக்கு’ என்ற ஒரு கட்டளையில் ஒரு மரியாயி மறைந்துபோவாள்.

குடும்பப் பெயர் என்றொரு கட்டமும் படிவங்களில் உண்டு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத்தான் போடுகிறோம். மணமான பின் பெண்கள் சிலர் கணவன் பெயரைப் போடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் பாட்டி, மகன், மருமகள், பேரன் ஆகிய நால்வரும் நான்கு குடும்பங்களாக அட்டவணையில் சிதறிப்போகலாம். எழுத்து விஷயமோ இன்னும் சிக்கலானது. நமது ழகரத்துக்குச் சிங்களத்தில் எழுத்தில்லை. கனிமொழி என்று பெற்றோர் வைத்த பெயர் சிங்களத்தில் பதிவாகித் தமிழுக்குத் திரும்பும்போது கனிமொளி ஆகிறது. ஆங்கிலத்துக்குப் போய் வந்தால் கனிமொலியும் ஆகலாம். இந்த வேடிக்கைக்கு விலை உண்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்திலும் மீளப்பெறலாம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒருத்தி அந்த வயதில் படிவத்தோடு போகும்போதுதான், பணத்துக்குரிய பெயர் ஒன்று, தன் அடையாள அட்டையின் பெயர் வேறொன்று என்று அறிகிறாள்.

இந்த இடத்தில் இயந்திரத்துக்குச் சேரவேண்டிய புகழைக் கொடுத்துவிடுவது நியாயம். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த வருடமும், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கின்றன. பெண்ணானால் நாளோடு 500 கூட்டப்படும். ஆகவே திகதி ஒன்றும் இலக்கம் வேறொன்றும் சொன்னால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்த நிரையைச் சிவப்பாக்கிக் காட்டிவிடும். நானூறாவது படிவத்தை இரவு பதினொரு மணிக்கு எழுதிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையின் கண்ணுக்கு அது தெரியாது. இயந்திரத்துக்கு அயர்வில்லை. சாதி பார்த்து, முகம் பார்த்து, பெயரை ஏளனமாகக் குறைத்து எழுதும் பழக்கமும் அதற்குத் தானாக வராது. இவை சிறிய நன்மைகளல்ல.

ஆனால் அது பிழைவிடும் விதம் வேறு. எக்செல் அட்டவணை ஒன்றைத் திறந்து, மாத்தளைத் தொலைபேசி இலக்கமொன்றை 066 என்று தொடங்கி எழுதிப் பாருங்கள். முன்னாலுள்ள பூச்சியத்தை அது வேண்டாததென்று எறிந்துவிடும். எண் என்றால் கூட்டிக் கழிப்பதற்கென்றே அதற்குத் தெரியும். ஒருவரைக் கூப்பிடுவதற்கும் எண் உண்டென்பது, நாம் சொல்லிவைத்தாலன்றி, அதற்குத் தெரியாது. 3ஆம் மாதம் 4ஆம் திகதியை அமெரிக்க வழக்கப்படி 4ஆம் மாதம் 3ஆம் திகதியாக்கிவிடுவதும் உண்டு. 2020 செப்டெம்பர் இறுதியில் இங்கிலாந்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொரோனாப் பரிசோதனை முடிவுகளை ஆய்வுகூடங்களிலிருந்து எடுத்து எக்செல் தாளில் தானாகச் சேர்க்கும் ஏற்பாடொன்று இருந்தது. பழைய வகைத் தாளுக்கு 65,536 நிரைகளே எல்லை. தாள் நிரம்பிய பின் வந்தவை விழுந்துபோயின. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் 15,841 நோயாளர் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் பிந்தியது.

புதிய வகை மென்பொருள்களிடம் இன்னொரு குணமும் உண்டு. வாசிக்க முடியாததை வெறுமையாக விடுவதற்குப் பதிலாக, அவ்விடத்தில் பொருத்தமாயிருக்கக்கூடிய ஒன்றை அவை நிரப்பிவிடுகின்றன. லெச்சுமி என்று கிறுக்கலாக எழுதியிருந்தால், தான் அதிகம் கண்ட லட்சுமியாக்கிவிடுகின்றன. தடுமாறிய கை எழுதிய பிழை பிழைபோலவே தோன்றும். திருத்த மனம் வரும். இயந்திரத்தின் பிழையோ நேராக, அச்செழுத்தில், கட்டத்துக்குள் அமர்ந்திருக்கும். அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

இனி, நான் முக்கியமெனக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளை அநியாயக்காரனாக இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. பிரட்டுக்களத்தில் அவன் முன்னே போய் நின்று, “ஐயா, நேற்று எனக்கு முழுப்பேர் வரவேண்டும்” என்று கேட்கலாம். அவன் இல்லையென்று சொன்னால் துரையிடமும், பின்னாளில் தொழிற்சங்கத்திடமும் போகலாம். நியாயம் கிடைத்ததா என்பது வேறு; கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான், பாவமும் ஒருவன் தலையில் இருந்தது. “சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று இன்று கருமபீடத்திலிருந்து பதில் வரும்போது, பதில் சொல்கிறவரும் குற்றமற்றவர், மென்பொருள் செய்தவரும் குற்றமற்றவர், படம் பிடித்த வாலிபனும் குற்றமற்றவன். ஒருவரும் செய்யாத அநியாயம் ஒன்று நடந்து முடிந்திருக்கிறது.

இது கற்பனைப் பயமல்ல. அவுஸ்திரேலியாவில் அரசாங்க உதவி பெற்ற ஏழைகளின் கணக்குகளை வரித்திணைக்களத்தின் கணக்கோடு இயந்திரம் தானாக ஒப்பிடும் திட்டமொன்று 2016 முதல் 2019 வரையில் பெருமளவில் நடந்தது. ஒருவருடைய வருட வருமானத்தை இருவாரங்களுக்கென்று சமமாகப் பிரித்து, அவர் அறிவித்த வருமானத்தோடு அது பொருந்தாவிட்டால், ‘நீ அரசாங்கத்துக்குக் கடனாளி’ என்று கடிதம் போயிற்று. சில மாதம் வேலை, சில மாதம் வேலையின்மை என்று வாழ்கிறவனுடைய வருமானம் சமமாகப் பிரியாது என்பது தெருவில் நிற்கும் எந்தக் கூலியாளுக்கும் தெரியும். கடன் இல்லையென்று நிரூபிக்கும் பாரம் அவன்மேலேயே விழுந்தது. இலட்சக்கணக்கானோர் வதைபட்ட பின் அது சட்டவிரோதம் என்று முடிவாகி, 2023 ஜூலையில் அரச ஆணைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அத்திட்டத்தில் கணக்குப் பிழையைவிடக் கொடுமையானது எதுவென்று கேட்டால், ஆட்கள் நின்று பார்த்த இடத்திலிருந்து ஆட்கள் எடுக்கப்பட்டதே என்பேன்.

நமது நாட்டிலும் 2023இல் அஸ்வெசும உதவிக்கான பெயர்ப்பட்டியல்கள் வெளிவந்தபோது என்ன நடந்தது என்று அறிவீர்கள். குடும்பங்களின் நிலை படிவங்களாகி, இருபத்திரண்டு அளவுகோல்களால் மதிப்பெண்களாகி, மதிப்பெண்கள் பட்டியலாயின. உடனே பிரதேச செயலகங்களின் முன் கூட்டம் கூடிற்று; இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் வந்தன. மேன்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தது நல்லதே. ஆனால் அதற்கும் ஒரு படிவம், அதுவும் ஒரு நாட்கூலி. ஒருவர் தமது தகவலைத் திருத்தும்படியும், இயந்திரம் மாத்திரமே செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படியும் கேட்கும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் எழுதியிருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாள் 2025இல் ஒத்திப்போடப்பட்டது.

குருமடத்தில் புனித தோமஸ் அக்குவினாரிடம் படித்த ஒரு பாடம் இங்கே கைகொடுக்கிறது. சட்டம் பொதுவானதையே பார்க்கும். மனித காரியங்களோ ஒவ்வொன்றும் தனித்தனி. ஆகவே பெரும்பாலோருக்கு நீதியான சட்டம் ஒருவனுக்கு அநீதியாகும் வேளை வரும். அந்த வேளையில் சட்டத்தின் எழுத்தை விட்டு அதன் நோக்கத்தைப் பின்பற்றுவதும் ஒரு புண்ணியமே என்கிறார்; கிரேக்கர் அதற்கு எப்பிக்கேயா என்று பெயரிட்டார்கள். விவேகம் என்ற புண்ணியத்தைப் பற்றியும் அவர் கூறுவது இதுவே: அது தனித்தனிக் காரியங்களை அறிந்தாக வேண்டும். மென்பொருள் என்பது என்ன? எல்லாப் படிவத்துக்கும் ஒரேவிதமாகச் செல்லும் ஒரு சட்டம். அது சட்டத்தைப்போலவே நல்லது, சட்டத்தைப்போலவே குருடு. இந்தப் படிவத்துக்கு இது பொருந்தாது என்று சொல்ல அதன் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாற்றும் அதிகாரமும் வேண்டும்.

இதே தோமஸ் அக்குவினாரின் எழுத்துக்கள்தாம் இயந்திரத்துக்குள் ஏறிய முதற் பெரு நூல்களில் இடம்பெற்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இத்தாலிய சேசுசபைக் குரு றொபேர்த்தோ பூசா, 1949இல் நியூயோர்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வாற்சனைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளில் புனிதரின் சொற்கள் ஒவ்வொன்றும் ஏற்றப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். 1974 முதல் 1980 வரையில் 56 தொகுதிகளாக அச்சேறின. இயந்திரம் வேதசாத்திரத்துக்கு விரோதி என்பவர்களுக்கு இது போதுமான பதில். அந்த அட்டைகளைத் துளைத்தவர்கள் கல்லராத்தே நகரத்து இளம்பெண்கள். ஓர் அட்டையை ஒருவர் துளைத்தபின் வேறொருவர் அதே வரியை மீண்டும் தட்டிச் சரிபார்ப்பது அந்தத் தொழிலின் முறை. அந்தப் பெண்களின் பெயர்களை அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் தேடிப் பதிந்திருக்கிறார்கள். ஒரு புனிதரின் சொற்களெல்லாம் எண்ணப்பட்ட இடத்தில், எண்ணியவர்களின் பெயர்கள் அத்தனை காலம் விடுபட்டிருந்தன!

வேதாகமத்திலும் இரண்டு வகைக் கணக்கெடுப்பு உண்டு. எண்ணிக்கை ஆகமத்தில் ஆண்டவரே மோயீசனிடம் மக்களை எண்ணச் சொல்கிறார். குலம் குலமாக, பெயர் பெயராக எண்ணச் சொல்கிறார். சாமுவேல் ஆகமத்தில் தாவீது அரசர் எண்ணுகிறார். அவருக்கு வேண்டியிருந்தது வாள் ஏந்துகிறவர்களின் தொகை. முடிந்தபின் அவருடைய நெஞ்சே அவரை அடித்தது. நம் ஆண்டவரோ அகுஸ்து இராயனின் குடிக்கணக்கு நாட்களில், பெயர் பதியப் போன ஓர் ஏழைக் குடும்பத்தில் வந்து பிறந்தார். பெத்லகேமில் அந்தப் பெயர்களை எழுதியவன், வரிசையில் நின்ற கர்ப்பவதியின் முகத்தைப் பார்த்தானோ இல்லையோ.

வாலிபர்களின் கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறேன். இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு வார வேலையை ஓர் இரவில் முடிப்பது பாவமல்ல. ஆனால் மிஞ்சிய ஆறு நாட்கள் யாருக்குச் சொந்தம்? பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்டெம்பரில் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலில், இயந்திரம் மனிதனுடைய தோழன், ஆனால் அவனுக்கு எதிராளிபோல் ஆகிவிடவும் கூடும் என்று எச்சரித்தார். 2025 மேயில் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லெயோ, தொழிலாளருக்காக 1891இல் எழுதிய பதின்மூன்றாம் லெயோவை நினைத்தே அப்பெயரைத் தேர்ந்ததாகவும், செயற்கை அறிவின் காலத்தில் அந்தப் போதனை மீண்டும் தேவைப்படுவதாகவும் சொன்னார். என் அபிப்பிராயம் இது: அந்த ஆறு நாட்களும் படிவத்தை நிரப்பியவர்களுக்குச் சொந்தம். எழுதுவதில் மிச்சமான நேரத்தை, எழுதியது சரிதானா என்று அவர்களிடம் போய்க் கேட்பதில் செலவிடுங்கள். அதை ஓய்வுக்கோ, அடுத்த படிவத்தை அச்சடிக்கவோ எடுத்துக்கொண்டால், ஏழையின் பங்கை எடுத்துக்கொள்கிறீர்கள்.

முன்னர் சொன்ன மதிப்பெண்ணும் இங்கேதான் வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம் இருந்தால் போதும் என்று ஒருவர் விசையை அமைக்கிறார். தொண்ணூறா, தொண்ணூற்றொன்பதா என்பது பார்வைக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வி. உண்மையில், எத்தனை பேருடைய பெயரை நாம் பாராமல் விடச் சம்மதிக்கிறோம் என்ற கேள்வி அது. அதைத் தீர்மானிக்கிறவர் தம் பெயரைத் தாளின் தலையில் எழுதட்டும். ஒவ்வொரு நிரையின் முடிவிலும் ஒரு நிரலைச் சேர்த்து, இதைச் சரிபார்த்தவர் யார் என்று மனிதப் பெயர் ஒன்றை இடுங்கள். மூலப் படிவத்தை எரித்துவிடாதீர்கள். வேறு பெயர்கள் என்றொரு நிரலும் வையுங்கள். பேத்ருஸும் ராப்பனும் பீற்றரும் அங்கே இராயப்பனோடு சேர்ந்திருக்கட்டும்.

மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரையைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாகக் காத்துவந்த திரிபிடகத்தைப் பௌத்த துறவிகள் அங்கே ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. பஞ்சமும் போரும் மனனம் செய்தவர்களையே கொண்டுபோய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. மனத்திலிருந்து ஓலைக்கு மாற்றும்போது, மனத்தில் வைத்திருந்தவர்களே கூடியிருந்து ஓதினார்கள், ஒப்புநோக்கினார்கள் என்று மரபு சொல்கிறது.

நம்மிடமும் ஓலை உண்டு. கலியாண ஓலை வாசிப்பதை நீங்கள் அறிவீர்கள். 1215ஆம் ஆண்டில் நான்காம் இலாத்தரான் சங்கம் கட்டளையிட்ட வழக்கம் அது. ஏட்டில் பதியுமுன் சபையில் உரத்து வாசித்து, தடை அறிந்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். குடும்ப அட்டை அட்டவணையையும் அவ்வாறே செய்யலாம். பெயர்களை மாத்திரம் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் விறாந்தையில் மூன்று கிழமைக்குத் தொங்கவிடுங்கள். நோய், கடன், வருமானம் எதுவும் அதில் வரக்கூடாது. அவை வீட்டுக்குப் போய் மெதுவாகக் கேட்கவேண்டியவை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டட்டும், கையில் பென்சிலோடு.